எடைக்குப் போன அச்சு

அத்தியாயம் ஏழு

கெங்கம்மாள் துணிப்பையை மேசைமேல் தலைகீழாகக் கவிழ்த்தாள். பத்தாம் வகுப்புக் கணக்குப் புத்தகம் விழுந்தது. அறிவியல் புத்தகம் விழுந்தது. ஒரு ஜியோமெட்ரி பாக்ஸ் விழுந்து திறந்துகொண்டது. காம்பஸ் உருண்டு போய் ஹேமலதாவின் தண்ணீர் பாட்டிலில் முட்டி நின்றது.

"இதாம்மா அந்தப் பை," என்றாள் கெங்கம்மாள். "எங்க வீட்டுக்காரரு வண்டியில மாட்டிக்கினு போனதை கேமராவுல பாத்தீங்களே. மோல்டு இதுலதான் போச்சுன்னு எழுதிக் குடுத்தீங்களே. நல்லாப் பாருங்க."

கடைசியாக ஒரு தாள் பறந்து வந்தது. மின்விசிறிக் காற்றில் அது ஜன்னல் பக்கம் ஓடப் பார்க்க, உதவியாளர் ஜான்சன் எட்டிப் பிடித்து, மேசையில் இருந்த மாங்காய் வடிவ அலுமினியக் கட்டி ஒன்றை அதன் மேல் வைத்தார். அது ஒரு டியூசன் சென்டரின் வருகைப் பதிவு. பெயர்: பாண்டியன். வயது: நாற்பத்தாறு. அந்த வெள்ளிக்கிழமை, மதியம் ஒன்று பத்திலிருந்து ஒன்று ஐம்பது வரை. வாத்தியார் கையெழுத்து.

ஹேமலதாவுக்குக் காது மடல் சுட்டது.

காட்பாடி ஸ்டேஷனுக்கு எதிர்ச் சந்தில், மருந்துக்கடை மாடியில் அவளுடைய துப்பறியும் அலுவலகம். பன்னிரண்டு வருஷம் இன்ஷூரன்ஸ் கம்பெனிகளுக்காகப் பொய் க்ளெய்ம்களைப் பிடித்துக் கொடுத்தவள். முகத்தைப் பார்த்தே பொய்யைச் சொல்லிவிடுவாள் என்று பெயர். அந்தப் பெயரைக் கேட்டுத்தான் மூன்று வாரத்துக்கு முன் ஆம்பூரிலிருந்து ரஃபத் ஜஹான் கூப்பிட்டார். ஷூவுக்கு சோல் தயாரிக்கிற கம்பெனியின் முதலாளியம்மா. சோல் வார்க்கும் அலுமினிய மோல்டு ஒன்று காணாமல் போயிருந்தது. எட்டாம் சைஸ், அலை அலையாகக் கோடு போட்ட புது டிசைன், பதினோரு கிலோ. வெள்ளிக்கிழமை மதியச் சாப்பாட்டு நேரத்துக்குப் பிறகு மோல்டு ரூமில் அது இல்லை. அந்த நேரத்தில் கேட்டைத் தாண்டிய ஒரே ஆள் மோல்டு ரூம் தொழிலாளி பாண்டியன். பைக் ஹேண்டிலில் ஒரு பை.

ஹேமலதா கேன்டீனுக்கே போய், அறுபது பேர் சாப்பிட்டுக்கொண்டிருந்த நேரத்தில், பாண்டியன் தட்டுக்கு முன்னால் நின்று எங்கே போனார், எதை எடுத்துப் போனார் என்று கேட்டாள். அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். பதிலே சொல்லவில்லை. பதில் சொல்லாததையே பதிலாக எடுத்துக்கொண்டு வியாழக்கிழமை அறிக்கை கொடுத்தாள். அன்று சாயந்தரமே அவருக்கு வேலை போயிற்று. போலீஸ் ஸ்டேஷனுக்கும் இரண்டு முறை கூப்பிட்டு உட்காரவைத்தார்கள்.

"இதை அன்னைக்கே சொல்லியிருக்கலாமே?" என்று கேட்டாள். கேட்டபோதே தன் குரல் தனக்குப் பிடிக்கவில்லை.

"வேலைக்குச் சேர்றப்ப பத்தாவது பாஸுன்னு சொல்லிட்டாரும்மா. பதினெட்டு வருஷம் ஆச்சு. இப்ப சூப்பர்வைசர் ஆக்கணும்னா சர்டிபிகேட் குடுன்றாங்க. அதான் யாருக்கும் தெரியாம சாப்பாட்டு டைம்ல படிக்கப் போனாரு." கெங்கம்மாள் புத்தகங்களை ஒவ்வொன்றாகப் பைக்குள் திரும்ப வைத்தாள். "அத்தனை பேரு முன்னாடி, நான் பத்தாவது பெயிலுன்னு சொல்றதா, திருடன்ற பேரை வாங்கிக்கறதா? அவரு ரெண்டாவதை எடுத்துக்கினாரு. ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டப்ப போனதோட சரி, பத்தொம்பது நாளா வாசப்படி தாண்டல. நான் இங்க வந்ததே அவருக்குத் தெரியாது."

அவள் படியிறங்கிப் போனதும் ஜான்சன் கம்ப்யூட்டரில் அந்த கேமராக் காட்சியை மறுபடி ஓடவிட்டார். ஐம்பத்திரண்டு வயது; ஷூ கம்பெனியில் கட்டிங் சூப்பர்வைசராக இருந்து வெளியே வந்தவர். வேலையை விட்டாரே தவிர வாயை விடவில்லை.

"மேடம், பையைப் பாருங்க."

"பார்த்திருக்கேன். பதினோரு தடவை."

"பதினோரு தடவையும் மூஞ்சியைப் பார்த்திருக்கீங்க. பையைப் பாருங்க. ஆடுது."

ஹேமலதா குனிந்தாள். கேட்டில் பைக் திரும்பும்போது ஹேண்டிலில் தொங்கிய பை காற்றில் பின்னால் பறந்து, முன்னால் வந்து, மறுபடி பறந்தது.

"பதினோரு கிலோ தொங்கினா ஹேண்டில் ஒரு பக்கமா இழுக்கும். ஆளு ரெண்டு கையாலயும் பிடிப்பாரு," என்றார் ஜான்சன். "இது கொடியில காயப்போட்ட பனியன் மாதிரி ஆடுது. இதுக்குள்ள மோல்டு இருந்ததுன்னா, அது பஞ்சுமிட்டாய்ல செஞ்ச மோல்டு."

வேறு நாளாயிருந்தால் சிரித்திருப்பாள். காட்சியில் பாண்டியன் முகத்தில் பயம் இருந்தது உண்மை. பயத்தைப் பார்த்ததும் திருட்டைப் பார்த்துவிட்டதாக நினைத்தாள். பையைப் பார்க்கவே இல்லை.

"அப்ப மோல்டு எப்படி வெளிய போச்சு?"

"மனுஷங்க போனதைத்தான் பார்த்தோம் மேடம். குப்பை போனதைப் பார்க்கலையே."

ரஃபத் ஜஹானுக்கு போன் செய்தாள். காரணம் கேட்காமல் அவர் கேட் ரெஜிஸ்டரின் இன்னொரு பக்கத்தைப் படம் பிடித்து அனுப்பினார். அதே வெள்ளிக்கிழமை, மாலை மூன்று மணி. பழைய அலுமினிய ட்ரே, ஸ்கிராப், நாற்பத்திரண்டு கிலோ. அனுப்பியவர்: ஜெயசீலன், புரொடக்ஷன் மேனேஜர். எடுத்தவர்: காசி, பழைய இரும்புக் கடை, ஆம்பூர் பைபாஸ்.

"காசியா?" என்றாள் ஹேமலதா.

"தெரியாதா பின்னே!" என்றார் ஜான்சன். "மேடத்தோட நகைக்கடை ஆச்சே."

அது உண்மைதான். ஊரில் பெண்கள் மாடித்தோட்டம் போடுவார்கள், கேக் செய்வார்கள். ஹேமலதா வீட்டுப் பின்கட்டில் பெயிண்ட் வாளிக்குள் தீக்களிமண் பூசி அடுப்பு கட்டி, கரியும் ஒரு பழைய ஊதுகுழல் மோட்டாரும் வைத்து அலுமினியம் உருக்குவாள். ஞாயிற்றுக்கிழமைப் பொழுதுபோக்கு. மணலில் அச்சு பிடித்து ஊற்றிக் கதவுக் கைப்பிடி, மாங்காய், மீன் என்று எதையாவது வார்ப்பாள். ஆபீசில் காகிதம் பறக்காமலிருக்க வைத்திருக்கும் மாங்காய்கள் அவள் கைவேலை. ஆம்பூர்ப் பக்கம் வேலையாகப் போகும்போதெல்லாம் காசி கடையில் வண்டி நிற்கும்.

பழைய ஆல்டோவில் ஒரு மணி நேரத்தில் ஆம்பூர் வந்துவிட்டது. தோல் பதனிடும் வாடை பாதி வழியிலேயே கண்ணாடிக்குள் புகுந்தது. காசி ஒரு லாரிக்கு எடை போட்டுக்கொண்டிருந்தார். "அஞ்சே நிமிசம் மேடம்!" என்று தூரத்திலிருந்தே கை காட்டினார்.

அலுமினியக் குவியலுக்கு முன்னால் நின்றார்கள். வெயில் அதில் பட்டுக் கண்ணைக் குத்தியது.

"ட்ரேவோட மோல்டையும் உடைச்சுப் போட்டு இங்க அனுப்பியிருந்தா, அதை யாரு எடுத்திருப்பாங்க மேடம்? எனக்கு எல்லாம் ஒரே வெள்ளையாத் தெரியுது," என்றார் ஜான்சன். ஒரு கூல்டிரிங்ஸ் டப்பாவை எடுத்து நசுக்கினார். "இது மலை மாதிரி கிடக்கே, உங்களுக்கு இது ஆகாதா?"

"ஆகாது. தகடு காகிதம் மாதிரி. அடுப்புல போட்டா பாதி கசடாப் போய்டும். மேல இருக்கற பெயிண்ட் புகைஞ்சு மூச்சை அடைக்கும்."

"இந்த ஜன்னல் சட்டம்?"

"வளைச்சுப் பாருங்க. வளையுது, உடையலை. இது வார்ப்பு இல்ல, பிதுக்கி நீட்டினது. உருக்கி மணல்ல ஊத்தினா மூலைக்குப் போறதுக்குள்ள உறைஞ்சிடும். ஆறும்போது விரிசல் விடும்." அவள் குரலில் தெளிவு திரும்பியிருந்தது. தெரிந்த விஷயத்தைச் சொல்வதில் ஓர் ஆறுதல். குவியலிலிருந்து ஒரு பைக் பிஸ்டனை எடுத்தாள். "இதுதான் சரக்கு. ஏற்கெனவே ஒரு தடவை வார்த்தது. சிலிக்கான் கலந்திருக்கும். தண்ணியா ஓடும். உடைச்சா வளையாம பட்டுனு உடையும். உடைஞ்ச இடம் நாட்டுச்சர்க்கரைக் கட்டி மாதிரி பொடிப்பொடியாத் தெரியும்."

"அந்தக் கார்புரேட்டர்? அதுவும் பட்டுனு உடையுமே."

"கையில தூக்குங்க. கனமா இருக்கா? அது துத்தநாகம். சேர்த்தா மொத்தமும் கெட்டுப்போகும். அதோ ஷாக் அப்சார்பர் குழாய், அது மூடியிருக்கு. அடுப்புல வெச்சா வெடிச்சு நம்ம ரெண்டு பேர் படமும் பேப்பர்ல வரும்."

"என் படம் பழைய படமாப் போடச் சொல்லுங்க. முடி இருந்தப்ப எடுத்தது." ஜான்சன் பிஸ்டனை வாங்கி உருட்டிப் பார்த்தார். "சரி, யாரு எடுப்பாங்கன்னு சொல்லுங்க."

"லோடு வியாபாரி மொத்தமா அள்ளுவான். அவன் ஒவ்வொண்ணா பார்க்கமாட்டான். ஆனா வெறும் துண்டா, தடிமனா, பெயிண்ட் இல்லாத வார்ப்பு ஒண்ணு கிடந்தா அதைத் தேடிப் பொறுக்கற ஆள் வேற. அவன் கையோட காந்தம் கொண்டுவருவான். உடைஞ்ச பக்கத்தை வெயில்ல திருப்பிப் பார்ப்பான். கையில தூக்கி எடை பார்ப்பான். ஏழெட்டு கிலோவுக்கு மேல எடுக்கமாட்டான், வீட்டு அடுப்பு தாங்காது. அப்படி ஒரு ஆளைக் காசி மறந்திருக்கவே முடியாது. அந்த ஆளைப் பிடிச்சா மோல்டைப் பிடிச்ச மாதிரி."

ஜான்சன் பிஸ்டனைக் குவியலில் போட்டார். அவள் கார் சாவிக்கொத்தைப் பார்த்தார். அதில் ஒரு குண்டு காந்தம் தொங்கிக்கொண்டிருந்தது.

காசி துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே வந்தார். ஹேமலதா அந்த வெள்ளிக்கிழமையைச் சொன்னாள், சோல் கம்பெனி லோடைச் சொன்னாள். உடைந்த வார்ப்புத் துண்டு ஏதாவது வந்ததா என்று கேட்டாள்.

"வந்துச்சே. பில்லுல ட்ரேன்னு போட்டிருந்தாங்க. முப்பது கிலோதான் ட்ரே. அடியில உடைச்ச துண்டுங்க. நல்ல சரக்கு."

"யாரு வாங்கினாங்க?"

காசி ஜான்சனைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார். "மேடம், ஒரு நிமிசம் தனியா வர்றீங்களா?"

"ஜான்சன் நம்ம ஆளுதான். இங்கேயே சொல்லுங்க."

"இன்னா மேடம், என்னை வெச்சு விளையாடறீங்களா?" காசி சங்கடமாகச் சிரித்தார். "நீங்கதானே எடுத்தீங்க. அந்த ஞாயித்துக்கெழமை. இங்கேயே குத்தவெச்சு உக்காந்து பொறுக்கினீங்க. ஒரு துண்டுல மட்டும் காந்தம் ஒட்டிச்சு. 'இதுல இரும்பு இருக்கு காசி, இரும்புக்கு அலுமினிய வெலை போடாதீங்க'ன்னு என்கிட்ட சண்டைகூடப் போட்டீங்களே."

லாரி கிளம்பிப் போயிற்று.

ஹேமலதாவுக்கு அந்தத் துண்டு ஞாபகம் வந்தது. உள்ளங்கை அகலம். ஒரு பக்கம் வழவழப்பு, மறு பக்கம் வளைந்து வளைந்து போன கோடுகள். ஏதோ ஸ்கூட்டர் இன்ஜினின் வரிகள் என்று நினைத்தாள். மறுநாள் திங்கட்கிழமை ரஃபத் ஜஹான் மேசையில் மோல்டின் போட்டோவைப் பார்த்தபோதும் அதே அலைக்கோடுகள் இருந்தன. முழு மோல்டு எப்படியிருக்கும் என்று பார்த்து வைத்துக்கொண்டாள். உடைந்தால் எப்படியிருக்கும் என்று அவள் யோசிக்கவில்லை.

திரும்பி வரும்போது ஜான்சன் ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த மனிதர் ஒரு மணி நேரம் வாயை மூடிக்கொண்டு வந்தது ஹேமலதா பார்த்து இதுதான் முதல் தடவை. அவர் ஏதாவது கிண்டல் செய்துவிட்டால் தேவலை என்றிருந்தது.

வீட்டுப் பின்கட்டில் அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு பிஸ்கட் டின். உருக்கும்போது மேலே மிதக்கிற கசடையும், உருகாமல் அடியில் தங்குகிற திருகு, ஆணிகளையும் இடுக்கியால் எடுத்து அதில் போட்டுவைப்பாள். டின்னைச் சிமெண்ட் தரையில் கொட்டினாள். சாம்பல் நிறக் கட்டிகள், இரண்டு போல்ட்டு. அவற்றுக்கு நடுவில், கட்டைவிரல் பருமனில் ஓர் எஃகு வளையம். மோல்டின் இரண்டு பாதியும் நேராகப் பொருந்துவதற்காக அலுமினியத்துக்குள் அடித்து இறக்கியிருப்பார்களே, அந்த புஷ். அலுமினியத்தை உருக்குகிற சூட்டில் எஃகுக்கு ஒன்றும் ஆகாது. கறுத்துப் போயிருந்தது, அவ்வளவுதான்.

கம்பி பிரஷால் தேய்த்தாள். அச்சு வைத்து அடித்துப் பதித்த எண்கள் ஒவ்வொன்றாக மேலே வந்தன. எட்டு. கோடு. நூற்றுப் பதினேழு.

ஜான்சன் ஃபைலைப் பிரித்துக் காட்டினார். காணாமல் போன மோல்டின் நம்பர் 8-117.

வெள்ளிக்கிழமை மோல்டு போயிற்று. ஞாயிற்றுக்கிழமை அவள் வாங்கினாள். திங்கட்கிழமை கேஸை எடுத்துக்கொண்டாள். வியாழக்கிழமை பாண்டியன்தான் திருடினார் என்று கையெழுத்துப் போட்டாள். அன்றைக்கு அந்தத் துண்டுகள் இதே இடத்தில், சாக்கு மூடியபடி, அவள் துணி காயப்போடுகிற கொடிக்குக் கீழே கிடந்தன. அடுத்த ஞாயிறுதான் உருக்கினாள். கேஸ் முடிந்துவிட்ட நிம்மதியில், பாட்டுக் கேட்டுக்கொண்டே உருக்கினாள். அழகாக ஓடுகிறதே என்று சந்தோஷப்பட்டாள். ஆறு மாங்காய் வார்த்தாள். அதில் ஒன்றைத்தான் காலையில் பாண்டியனின் டியூசன் தாள்மேல் ஜான்சன் எடுத்து வைத்தார்.

அவள் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"மேடம்," ஜான்சன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். கிண்டல் எதுவுமில்லாத குரல். "இந்த புஷ் காசி கடைக் குவியல்ல கிடைச்சதுன்னு சொல்லிட்டா என்ன? காசி நமக்காக வாய் திறக்கமாட்டாரு. பாண்டியன் மேல தப்பில்லன்னு ஆகிடும். வேலை கிடைச்சிடும். உங்க பேரும் கெடாது. யாருக்கு நஷ்டம்?"

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஹேமலதாவும் அவரைக் கோபித்துக்கொள்ளவில்லை. ஏனென்றால் இதே யோசனை பள்ளிகொண்டா டோல்கேட்டைத் தாண்டும்போதே அவளுக்கு வந்துவிட்டது. வார்த்தை வார்த்தையாகக் கோத்துக்கூட வைத்துவிட்டாள். அதை இன்னொருவர் வாயால் கேட்டபோதுதான் உடம்பு கூசியது.

"அந்தாளு ஒரு சின்ன விஷயத்தை மறைச்சதுக்கு நான் திருடன்னு எழுதினேன்," என்றாள். "இதை மறைச்சா என்னை இன்னான்னு எழுதறது ஜான்சன்?"

மறுநாள் காலை ரஃபத் ஜஹானின் அறையில் புரொடக்ஷன் மேனேஜர் ஜெயசீலனும் இருந்தார். ஹேமலதா அவர் முன்னால் வளையத்தை வைத்தாள். அவர் நம்பரைப் படிக்கக் குனியக்கூட இல்லை.

"ட்ரேன்னு எழுதி அனுப்பியிருக்கீங்க சார். ட்ரே தகடு. தகடு வளையும், நசுங்கும். காசி கடைக்கு வந்தது பட்டுனு உடைஞ்ச வார்ப்பு. பன்னெண்டு கிலோ வித்தியாசம். பதினோரு கிலோ மோல்டுக்குக் கிட்டத்தட்ட சரியா வருது."

ஜெயசீலன் கண்ணாடியைக் கழற்றினார். சாப்பாட்டு நேரத்தில் ஆளில்லாதபோது மோல்டைத் தானே ரேக்கிலிருந்து தூக்கியிருக்கிறார். கை வழுக்கியது. மோல்டு தரையில் விழுந்து ஒரு மூலை போய்விட்டது. அடுத்த திங்கட்கிழமை, சோல் வாங்குகிற வெளிநாட்டுக்காரர் பார்க்க வருவதாக இருந்தது. அது காணாமல் போனால் யார் மேலும் பழி இல்லை. உடைந்தால் தன் மேல் பழி. சம்மட்டியால் மீதியையும் உடைத்து ட்ரேக்களுக்கு அடியில் போட்டு அனுப்பிவிட்டார்.

"பாண்டியன் மேல பழி போட்டது?" என்று கேட்டார் ரஃபத் ஜஹான்.

"நான் போடலை மேடம்." அவர் ஹேமலதாவைப் பார்த்தார். அதில் கோபம்கூட இல்லை. "பாண்டியன் பேரை நான் ஒரு தடவைகூடச் சொல்லல. இவங்கதான் சொன்னாங்க. நான் சும்மா இருந்தேன்."

ஹேமலதா ஆமாம் என்று தலையசைத்தாள்.

ரஃபத் ஜஹான் வளையத்தைக் கையில் எடுத்தார். "இது எங்க கிடைச்சது?"

ஜான்சன் ஜன்னல் வழியாகப் பார்க்க ஆரம்பித்தார்.

"என் வீட்ல," என்றாள் ஹேமலதா. "உடைஞ்ச துண்டைக் காசிகிட்ட வாங்கினது நான். உருக்கினதும் நான். பாண்டியன் மேல அறிக்கை எழுதின அன்னைக்கு உங்க மோல்டு என் பின்கட்டுல கிடந்துச்சு. எனக்குத் தெரியல. தெரியலன்னு சொல்றதுக்கும் எனக்கு வெக்கமா இருக்கு. கண்டுபிடிக்கத்தான் என்னைக் கூப்பிட்டீங்க."

முதலாளியம்மா வளையத்தை மேசைமேல் வைத்தார். "ஸ்டேஷன்ல குடுத்த புகாரை இன்னைக்கே வாபஸ் வாங்கிடறேன். பாண்டியனை நாளைக்கே கூப்பிடறேன். ஜெயசீலனை என்ன செய்யறதுன்னு அப்புறம் பார்க்கலாம். ஆனா மேடம், இந்த உருக்கின கதை இந்த ரூமோட இருக்கட்டும். வெளிய போச்சுன்னா ராணிப்பேட்டையிலேருந்து வாணியம்பாடி வரைக்கும் எந்தக் கம்பெனியும் உங்களைக் கூப்பிடாது."

"அது நான் பாண்டியனைக் கேட்டுட்டு முடிவு பண்றேன்."

பாண்டியன் வீடு துத்திப்பட்டில், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால். கெங்கம்மாள் கதவைத் திறந்து ஒதுங்கி நின்றாள். பாண்டியன் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். மூன்று வாரத் தாடி. ஹேமலதாவைப் பார்த்ததும் எழுந்து நின்றார். அந்த மரியாதை அவளை இன்னும் குறுக்கியது.

நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். ஜெயசீலன் உடைத்தது, காசி கடை, தன் காந்தம், தன் அடுப்பு. எதையும் மெதுவாக்காமல் சொன்னாள். பாண்டியன் கேட்டுக்கொண்டு நின்றார். முடிந்ததும் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"அவ்ளோ குவியல்ல அதை எதுக்கு எடுத்தீங்க?"

"நல்ல மெட்டல்னு."

"ஆமா, நல்ல மெட்டல்தான்," என்றார் பாண்டியன். "ரெண்டு நாள் உக்காந்து பாலிஷ் போட்டேன் அதுக்கு. மூஞ்சி தெரியும்."

ஜான்சன் வாசல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"என்னை மன்னிச்சிடுங்கன்னு கேக்க வந்தேன்," என்றாள் ஹேமலதா.

"எங்கிட்ட தனியா கேட்டா எனக்கு இன்னாம்மா ஆகும்? என்னைத் தனியாவா கேட்டீங்க?" குரல் உயரவில்லை. "கேன்டீன்ல கேட்டீங்க. அங்க வந்து சொல்லுங்க. நான் எங்க போனேன், எதுக்குப் போனேன், அது மட்டும் உங்க வாயால வேணாம். அதை நான் எப்ப சொல்லணுமோ அப்ப சொல்லிக்கறேன்."

மறுநாள் மதியம் ஒரு மணிக்குக் கேன்டீன் நிறைந்திருந்தது. சாம்பார் வாளி போய்க்கொண்டிருந்தது. பாண்டியன் ஷேவ் செய்து, கம்பெனி சட்டை போட்டு, கை கழுவுகிற தொட்டிக்குப் பக்கத்தில் சுவரில் சாய்ந்து நின்றார். ஹேமலதா உள்ளே நுழைந்ததும் பேச்சு ஒவ்வொரு மேசையாக நின்றது. அவளை எல்லோருக்கும் அடையாளம் தெரிந்தது.

ராத்திரி யோசித்து வைத்த வாக்கியங்கள் எதுவும் வரவில்லை. பாண்டியன் திருடவில்லை என்றாள். மோல்டு உடைந்து ஸ்கிராப்பில் போனது என்றாள். அதை விலைக்கு வாங்கித் தன் வீட்டு அடுப்பில் உருக்கியது தான்தான் என்றும், அது தெரியாமல் இவர் மேல் திருட்டுப் பட்டம் கட்டியதும் தான்தான் என்றும் சொன்னாள். சொல்லி முடித்தபோது கண் தரையில் இருந்தது. அவ்வளவுதான், முடிந்துவிட்டது, இனி வெளியே போய்விடலாம் என்று நினைத்தாள்.

கடைசி மேசையிலிருந்து ஒரு பெண் எழுந்தாள். பட்டம்மாள் என்று பின்னால் தெரிந்தது, பேக்கிங் செக்ஷன். சாப்பிட்ட கையை மடக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"எங்களுக்கு ஒண்ணும் கேக்கலம்மா," என்றாள். "அன்னிக்கு எங்க பாண்டியண்ணனைக் கேட்டீங்களே, அப்ப கடைசி டேபிள் வரைக்கும் நல்லாக் கேட்டுச்சு."

யாரும் சிரிக்கவில்லை. ஜான்சன் ஒரு அடி முன்னால் வந்து, பிறகு அங்கேயே நின்றுவிட்டார். பாண்டியன் சுவரை விட்டு அசையவில்லை.

ஹேமலதா தலையை நிமிர்த்தினாள். முகம் முழுவதும் எரிந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டு, முதல் வார்த்தையிலிருந்து மறுபடி ஆரம்பித்தாள். இந்த முறை கடைசி மேசைக்கும் கேட்டது. பரிமாறுகிறவர் வாளியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். முடித்த பிறகு அங்கே யாரும் பரவாயில்லை என்று சொல்லவில்லை. பாண்டியன் ஒரு தட்டை எடுத்துக்கொண்டு போய்ச் சோற்று வரிசையில் நின்றார். முன்னால் இருந்தவர்கள் வழிவிட்டார்கள். அவர் வேண்டாம் என்று கை காட்டிவிட்டு, வரிசையின் கடைசியிலேயே நின்றார்.